திட்டக்கோப்புப் பழுதுகள் (காணொளித் தொகுப்பு)

ஒரு காணொளியின் வெட்டு, ஒட்டு, இசை, எழுத்து, நிறத்திருத்தம் ஆகியவற்றைக் குறித்துவைக்கும் கோப்பு திட்டக்கோப்பு. தொகுப்பாளர்கள் ‘ப்ராஜெக்ட்’ என்பார்கள். அது திறக்காமல் போவது, படம் காணாமல் போவது, ஒலி விலகுவது, எழுத்து சிதைவது, முடிந்த காணொளியை வெளியே எடுக்கும் ‘எக்ஸ்போர்ட்’ பாதியில் நிற்பது எல்லாம் திட்டக்கோப்புப் பழுதுகள். கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல் வட்டாரத் திருமண ஸ்டுடியோக்களில் முகூர்த்த மாதங்களில் இவை அன்றாடத் தலைவலி.

கொங்கு நாட்டுக்குப் படத்தொகுப்பு புதிதல்ல. சிங்காநல்லூர் சென்ட்ரல் ஸ்டுடியோ, ‘மலைக்கள்ளன்’ (1954) படத்தை எடுத்த பட்சிராஜா ஸ்டுடியோ, சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் ஆகியவை பிலிமைக் கையால் வெட்டி ஒட்டிய காலத்தவை. அன்று ஒட்டு பிரிந்தால் கண்ணுக்குத் தெரியும். இன்று எடியஸ், பிரீமியர் புரோ, டாவின்சி ரிசால்வ் போன்ற மென்பொருள்களில் பழுதின் இடத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். மென்பொருள்மீது சுமத்தப்படும் பழி பெரும்பாலும் அதற்கு உரியதல்ல என்பதும் இங்கேயே சொல்லத்தக்கது.

காணாமல் போகும் படங்கள்

திட்டக்கோப்புக்குள் படம் இல்லை. படம் வட்டில் எங்கே இருக்கிறது என்ற குறிப்பு மட்டுமே உண்டு. திருமணப் பத்திரிகையில் மண்டபத்தின் முகவரி இருக்கும், மண்டபம் இருக்காது. வெளிவட்டைக் கழற்றி வேறு கணினியில் செருகும்போது விண்டோஸ் அதற்கு ‘ஈ’ என்பதற்குப் பதில் ‘எஃப்’ என்று எழுத்திட்டால், அத்தனை துண்டுகளும் ‘ஆஃப்லைன்’ ஆகிவிடும். பிரீமியரில் சிவப்புத் திரை தெரியும். வட்டுக்கு இருந்த பழைய எழுத்தை விண்டோஸின் வட்டு மேலாண்மையில் மீண்டும் கொடுத்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும். இல்லையென்றால் ‘ரீலிங்க்’ செய்து ஒரு கோப்பைக் காட்டினால் அதே கோப்புறையில் உள்ள மற்றவற்றை மென்பொருளே கண்டுபிடிக்கும். கோப்புகளின் பெயரை மாற்றியிருந்தால்தான் வேலை நீளும்.

விலகும் ஒலி

கொங்கு வேளாளர் திருமணத்தில் மங்கல வாழ்த்தும் சீர்களும் நீண்டு செல்லும். கேமராவை நிறுத்தாமல் ஓடவிடுவது வழக்கம். ஒலி விலகல் தெரிவது இந்த நீண்ட பதிவுகளில்தான். நொடிக்கு 30 சட்டகம் (ஃபிரேம்) என்று கருதப்பட்ட படம் உண்மையில் 29.97 ஆக இருந்தால், ஒரு மணி நேரத்தில் 3.6 நொடி வித்தியாசம் வரும். தொடக்கத்தில் உதடும் சொல்லும் பொருந்தியிருக்கும். முடிவில் தாலி கட்டிய பிறகு மேளம் கேட்கும்.

உறவினரின் கைபேசிப் பதிவு இன்னும் தொல்லை. வெளிச்சம் குறைந்தால் கைபேசி தானாகவே சட்டக வேகத்தைக் குறைக்கும். அத்தகைய பதிவை ஹேண்ட்பிரேக் போன்ற இலவச மென்பொருளில் நிலையான வேகத்துக்கு மாற்றிய பிறகே துண்டுகளை வரிசைப்படுத்தும் டைம்லைனில் வைக்க வேண்டும்.

சில கேமராக்கள் நீண்ட பதிவை 4 ஜிபி அளவிலோ அதற்கும் முன்போ துண்டாக்கும். ஏவிசிஎச்டி என்ற வடிவத்தில் உள்ள பதிவுகளில் படக்கோப்புகளை மட்டும் எடுத்துவிட்டுக் கோப்புறை அமைப்பைக் கைவிட்டால், துண்டு சேரும் இடத்தில் ஒலி அரை நொடி அறுபடலாம். மெமரி கார்டை முழுதாக நகலெடுப்பதே வழி.

ஒலியைச் சேராத இன்னொரு பதிவுக் குறை, திரையில் ஓடும் கருப்புப் பட்டைகள். இவற்றையும் பலர் ப்ராஜெக்டின் பழுதாக நினைக்கிறார்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மண்டப விளக்குகளின் கீழ் ஷட்டரை 1/50 அல்லது 1/100 நொடியில் வைக்காததன் விளைவு அது. தொகுப்பு மேசையில் அதற்கு முழுத் தீர்வு கிடையாது.

உடையும் தமிழ்

வெளிநாட்டுக் கையேடுகளில் அதிகம் பேசப்படாத பழுது இது. ‘கோவை’ என்று ஒருங்குறியில் (யூனிகோட்) தட்டினால், ஐகாரக் குறி ‘வ’வுக்கு முன்னே நிற்காமல் பின்னே போய் நிற்கும், ஓகாரம் சிதறும். எழுத்துரு கெட்டுப்போனது என்று புதிதுபுதிதாக எழுத்துரு இறக்குவது வீண். இந்திய எழுத்துகளைக் கோக்கும் பொறி அணைந்திருப்பதே காரணம். பிரீமியரில் விருப்பத்தேர்வுகளின் கிராஃபிக்ஸ் பகுதியில் தெற்காசிய எழுத்துப் பொறியைத் தேர்ந்து, புதிய எழுத்து அடுக்கில் தட்டினால் சரியாக வரும்.

பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் சிக்கல் வேறு. அவற்றில் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் உருவம் ஒட்டப்பட்டிருக்கிறது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ப்ராஜெக்டைத் திறந்தால் மணமக்கள் பெயர் ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். தமிழக அரசு ஒருங்குறியை ஏற்று ஆணையிட்டது 2010 ஜூனில், கோவையில் செம்மொழி மாநாடு நடந்தபோது. அந்த ஊர் ஸ்டுடியோக்களிலேயே பழைய எழுத்துருக்கள் இன்னும் உயிரோடு இருப்பதற்கு, அவற்றின் அலங்கார வடிவங்கள்மீது உள்ள ஆசையும் ஒரு காரணம். ஆசைப்படுவோர் தலைப்பைப் படமாக மாற்றி ப்ராஜெக்டில் வைத்துக்கொள்ளலாம்.

திறக்காத ப்ராஜெக்ட், நின்றுபோகும் எக்ஸ்போர்ட்

சேமிக்கும் நொடியில் மின்சாரம் போனால் திட்டக்கோப்பு அரைகுறையாக எழுதப்பட்டு ‘கரப்ட்’ ஆகும். 2012-இன் நீண்ட மின்வெட்டுக் காலத்தில் யூபிஎஸ் இல்லாத தொகுப்பாளர்கள் இதை நன்றாக அறிந்தார்கள். தானியங்கிச் சேமிப்புக் கோப்புறையில் உள்ள கடைசி நல்ல பிரதியை எடுப்பது முதல் வேலை. அதுவும் முரண்டு பிடித்தால், புதிய ப்ராஜெக்ட் திறந்து பழையதை அதற்குள் இறக்குமதி செய்தால் பல நேரம் மீளும். மென்பொருளின் புதிய பதிப்பில் சேமித்தது பழைய பதிப்பில் திறக்காமல் போவது பழுதல்ல, இயல்பு.

எக்ஸ்போர்ட் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் நின்றால், அந்த இடத்தில் உள்ள துண்டு அல்லது எஃபெக்ட் மீதே சந்தேகம் கொள்ள வேண்டும். டைம்லைனைப் பாதியாகப் பிரித்து எக்ஸ்போர்ட் செய்து, நிற்கும் பாதியை மீண்டும் பாதியாக்கினால் குற்றவாளி சிக்கும். நிற்கும் இடம் மாறிக்கொண்டே இருந்தால் கிராஃபிக்ஸ் கார்டின் டிரைவர், சூடு, வட்டில் இடமின்மை ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். மென்பொருள் தற்காலிகமாக உருவாக்கும் மீடியா கேஷை அழித்துப் பார்ப்பதில் இழப்பில்லை. அது மீண்டும் உருவாகிவிடும். கடைகளில் வாங்கும் ஆயத்த எடியஸ் பாட்டு ப்ராஜெக்டுகளில் பிளக்இன் (துணை நிரல்) இல்லாததே அடிக்கடி வரும் கோளாறு. அதற்காகத் திருட்டுப் பிளக்இன் தேடுவோர் வைரஸையும் சேர்த்து வாங்கிக்கொள்கிறார்கள்.

முடிந்த வேலையைக் கோப்புகளோடு ஒரே கோப்புறையில் திரட்டும் வசதி எடியஸ், பிரீமியர், ரிசால்வ் மூன்றிலும் உண்டு. முகூர்த்தம் இல்லாத ஆடி மாதமே அதற்கு ஏற்றது. மென்பொருளைப் புதுப்பிப்பதையும் அதுவரை தள்ளிவைப்பது நல்லது.