பதினொரு மாதக் குழந்தையும் ஒரு சொல்லும்

நெகிரி செம்பிலான் பெற்றோர் பலருக்குச் சிரம்பான் வழக்கு நினைவிருக்கும். 2014 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் இரு பிள்ளைகளையும் தாயிடம் ஒப்படைத்தது. இரண்டே நாளில், இஸ்லாத்தைத் தழுவியிருந்த தந்தை மகனைத் தூக்கிச் சென்றார். 2016இல் கூட்டரசு நீதிமன்றம் மகனைத் தந்தையிடமும் மகளைத் தாயிடமும் பிரித்துக் கொடுத்தது. மகன் யாரிடம் இருக்கிறான் என்பதாவது அத்தாய்க்குத் தெரிந்திருந்தது.

ஈப்போவின் பாலர் பள்ளி ஆசிரியை இந்திரா காந்திக்கு அதுவும் வாய்க்கவில்லை. 2009 மார்ச்சில் மதம் மாறிய கணவர், பதினொரு மாதக் கடைக்குட்டியோடு மறைந்தார். மூன்று பிள்ளைகளும் தாயறியாமல் மதம் மாற்றப்பட்டனர். பிள்ளைகள் நேரில் வரவேண்டிய தேவைகூட இருக்கவில்லை. பிறப்புப் பத்திரங்களே போதுமாயின. தோட்டப் பெற்றோரிடம் இதை நான் அழுத்திச் சொல்வதுண்டு.

2010இல் உயர் நீதிமன்றம் மூவரையும் தாயிடம் ஒப்படைத்தது. 2016இல் கூட்டரசு நீதிமன்றம், தந்தையைக் கைது செய்யுமாறு காவல் படைத் தலைவருக்கு ஆணையிட்டது. குழந்தை வரவில்லை.

2018 ஜனவரி 29இல் கூட்டரசு நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும் ஒருமித்து அம்மதமாற்றத்தைச் செல்லாதாக்கினர். 18 வயதுக்குட்பட்டோரின் சமயத்தைப் பெற்றோர் தீர்மானிப்பர் என்கிறது அரசியலமைப்பின் 12(4)ஆம் விதி. ஆங்கில மூலத்தில் அச்சொல் ஒருமை. மலாய் மொழிபெயர்ப்பிலோ 'தாய் அல்லது தந்தை'. இருவரின் ஒப்புதலும் வேண்டும் என்றது தீர்ப்பு. ஒருமை பன்மையை நாம் வகுப்பில் எத்துணை எளிதாகக் கடந்துவிடுகிறோம்!

ஆணையை நிறைவேற்றாத காவல்துறைமீது இந்திரா தொடுத்த 10 கோடி ரிங்கிட் வழக்கு 2024 ஜூனில் தள்ளுபடியானது. கண்டுபிடிக்கப்படாத அம்மகளுக்கு அப்போது வயது 16.