இன்டெல்லா? ஏ.எம்.டி.யா? – ஒரு கேள்வியின் வரலாறு

தேனி மாவட்டத்தில் உத்தமபாளையத்துக்கும் கம்பத்துக்கும் இடையில் இருக்கும் ஊர் அனுமந்தன்பட்டி. திராட்சைத் தோட்டங்களும் வயல்களும் சூழ்ந்த ஊர். 2000ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் இது போன்ற ஊர்களில் ஒரு வீட்டில் கணினி வாங்குவது லேசான காரியம் இல்லை. பையனோ பெண்ணோ கம்ப்யூட்டர் சயின்ஸ் படிப்பில் சேர்ந்திருப்பார்கள். திராட்சை வெட்டு முடிந்து வந்த பணமோ, நகையை அடகு வைத்த பணமோ கையில் இருக்கும். கம்பத்திலோ தேனியிலோ மதுரையிலோ ஒரு கடையில் போய் உட்கார்ந்தால், கொட்டேஷன் எழுதும் முன் கடைக்காரர் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "இன்டெல் போடவா, ஏ.எம்.டி. போடவா?"

பெரிய கம்பெனிகளின் பிராண்டட் கணினி வாங்கினால் இந்தக் கேள்வி வராது. அவர்கள் போட்டதுதான். ஆனால் அந்தக் காலத்தில் பெரும்பாலானோர் வாங்கியது 'அசெம்பிள்டு' கணினி. சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் கிடைக்கும் பாகங்களைச் சேர்த்துக் கடையிலேயே பூட்டிக் கொடுப்பது. அதில் ஒவ்வொரு பாகத்தையும் வாங்குபவரே தேர்ந்தெடுக்கலாம். ஏ.எம்.டி. என்றால் விலை குறையும். மிச்சப் பணத்தில் கூடுதலாக ராம் போட்டுக் கொள்ளலாம். ஆனாலும் பலர் இன்டெல்லையே கேட்டார்கள். காரணம் இரண்டு வாக்கியங்கள்: "இன்டெல்தான் ஒரிஜினல்", "ஏ.எம்.டி. சூடாகும்".

இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. இரண்டுமே ஒரு காலத்தில் ஓரளவு உண்மையாக இருந்தவை. அந்தக் காலம் போய்விட்டது, வாக்கியங்கள் மட்டும் போகவில்லை.

ஒரே வீட்டுப் பிள்ளைகள்

இன்டெல்லும் ஏ.எம்.டி.யும் ஒரே நிறுவனத்திலிருந்து பிரிந்து வந்தவை என்பது பலருக்குத் தெரியாது. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் இருந்த ஃபேர்சைல்ட் செமிகண்டக்டர்தான் அந்தத் தாய் வீடு. அங்கே பணிபுரிந்த ராபர்ட் நாய்ஸும் கார்டன் மூரும் வெளியேறி 1968இல் இன்டெல்லைத் தொடங்கினர். அதே ஃபேர்சைல்டில் விற்பனைப் பிரிவில் இருந்த ஜெர்ரி சாண்டர்ஸ், இன்னும் ஏழு பேருடன் சேர்ந்து 1969 மே மாதம் ஏ.எம்.டி.யைத் தொடங்கினார்.

1971இல் இன்டெல் 4004 என்ற சில்லை வெளியிட்டது. கடைக்கு விற்பனைக்கு வந்த முதல் நுண்செயலி இதுதான் என்பார்கள். ஜப்பானின் பிசிகாம் என்ற கால்குலேட்டர் நிறுவனத்துக்காகச் செய்யப்பட்ட இந்தச் சில்லில் சுமார் 2,300 டிரான்சிஸ்டர்கள் இருந்தன. அடுத்து 1978இல் 8086, 1979இல் 8088 வந்தன. இன்றைய இன்டெல், ஏ.எம்.டி. செயலிகள் எல்லாம் இந்த 8086இன் வழித்தோன்றல்களே.

"ஒரிஜினல்" என்ற பேச்சு எங்கிருந்து வந்தது?

1981 ஆகஸ்டில் ஐ.பி.எம். நிறுவனம் தனது பர்சனல் கம்ப்யூட்டரை வெளியிட்டது. அதில் இருந்தது இன்டெல் 8088. ஐ.பி.எம்.முக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒரே ஒரு கம்பெனியை மட்டும் நம்பி எந்தப் பாகத்தையும் வாங்காது. அந்தக் கம்பெனியில் உற்பத்தி நின்று போனால் தன் வியாபாரமும் நின்று விடுமே! அதனால் அதே சில்லைச் செய்து தர இரண்டாவது ஒரு கம்பெனியும் வேண்டும் என்றது. 1982இல் இன்டெல்லும் ஏ.எம்.டி.யும் ஒப்பந்தம் செய்து கொண்டன. இன்டெல்லின் வடிவமைப்பை வைத்து ஏ.எம்.டி.யும் அதே சில்லைத் தயாரித்து விற்கலாம்.

ஆக, "ஏ.எம்.டி. என்றால் இன்டெல்லின் நகல்" என்ற பேச்சு அன்றைக்கு உண்மைதான். ஆனால் அது திருட்டு நகல் அல்ல, ஒப்பந்தப்படி செய்த நகல்.

1985இல் 386 வந்தபோது இன்டெல் மனம் மாறியது. தனி கம்ப்யூட்டர் வியாபாரம் எவ்வளவு பெரியது என்று அதற்குள் தெரிந்து விட்டது. 386இன் வடிவமைப்பை ஏ.எம்.டி.க்குத் தர மறுத்து விட்டது. விவகாரம் 1987இல் நடுவர் மன்றத்துக்குப் போனது. நீதிமன்றங்களில் இழுத்து, 1995இல்தான் இரு தரப்பும் சமரசத்துக்கு வந்தன.

ஏ.எம்.டி. கையைக் கட்டிக் கொண்டு உட்காரவில்லை. 1991இல் தானே ஒரு 386ஐச் செய்து வெளியிட்டது. இன்டெல்லின் 386 அதிகபட்சம் 33 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடியது. ஏ.எம்.டி.யின் 386 ஓடியது 40 மெகாஹெர்ட்ஸில்! "386 எங்கள் பெயர், மற்றவர் பயன்படுத்தக் கூடாது" என்று இன்டெல் வழக்குப் போட்டது. 386 என்பது பொதுப் பெயராகி விட்டது, யாரும் சொந்தம் கொண்டாட முடியாது என்று அமெரிக்க நீதிமன்றம் அதே 1991இல் சொல்லி விட்டது.

இந்தத் தோல்விதான் கணினி உலகின் மிகப் பெரிய விளம்பரத்துக்கு வழி வகுத்தது. 1991இல் 'இன்டெல் இன்சைட்' விளம்பரம் தொடங்கியது. கணினிக்குள்ளே கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கும் ஒரு பாகத்துக்கு வெளியே ஸ்டிக்கர் ஒட்டினார்கள். கணினி செய்யும் கம்பெனிகளின் விளம்பரச் செலவில் ஒரு பங்கை இன்டெல்லே கொடுத்தது. 1993இல் வந்த அடுத்த செயலிக்கு 586 என்று எண் வைக்காமல், வேறு யாரும் எடுத்துக் கொள்ள முடியாத ஒரு பெயரை வைத்தார்கள். அதுதான் பென்டியம். கிரேக்க மொழியில் 'பென்டே' என்றால் ஐந்து.

நம் ஊர்களில் கணினி மையங்கள் பெருகியது இதன் பிறகுதான். எனவே நம்மவர்கள் செயலி என்று முதலில் கேட்ட சொல்லே பென்டியம்தான். "பென்டியம் கம்ப்யூட்டர் வாங்கியிருக்கிறார்கள்" என்றால் நல்ல கம்ப்யூட்டர் வாங்கியிருக்கிறார்கள் என்று பொருள். நகல் காலம் முடிந்து ஏ.எம்.டி. சொந்தமாகச் சில்லு வடிவமைக்கத் தொடங்கிய பிறகும் "ஒரிஜினல்" பட்டம் இன்டெல்லிடமே நின்று விட்டது.

இரண்டு பக்கமும் உழைத்த ஒருவர்

பென்டியத்தின் உருவாக்கத்தில் முக்கியப் பங்கு வகித்தவர் ஓர் இந்தியர். புனேயில் பிறந்து டெல்லி பொறியியல் கல்லூரியில் படித்த வினோத் தாம். 'பென்டியத்தின் தந்தை' என்றே இவரைக் குறிப்பிடுவார்கள். 2025இல் இந்திய அரசு இவருக்குப் பத்மபூஷண் விருது அறிவித்தது.

வேடிக்கை என்னவென்றால், 1995இல் இவர் இன்டெல்லை விட்டு நெக்ஸ்ஜென் என்ற சிறிய கம்பெனிக்குப் போனார். அந்தக் கம்பெனியை 1996இல் ஏ.எம்.டி. வாங்கியது. அங்கிருந்து 1997இல் பிறந்ததுதான் ஏ.எம்.டி. கே6. பென்டியம் போடும் அதே மதர்போர்டிலேயே கே6ஐயும் பொருத்தலாம். "ஒரிஜினல்", "நகல்" என்று கடைகளில் பேசிக் கொண்டிருந்த காலத்தில், இரண்டிலும் ஒரே இந்தியரின் உழைப்பு இருந்தது.

அதே 1997இல் வந்த பென்டியம் 2க்கு இன்டெல் தனி வகைப் பொருத்துவாயை வைத்தது. 1999இல் ஏ.எம்.டி.யின் அத்லான் வேறொரு பொருத்துவாயுடன் வந்தது. அன்று முதல் செயலியைத் தேர்ந்தெடுத்தால் மதர்போர்டையும் சேர்த்தே தேர்ந்தெடுத்தாக வேண்டும். பிறகு மனம் மாறினால் இரண்டையும் மாற்ற வேண்டும். கடைக்காரரின் கேள்விக்குப் பதில் சொல்வது இன்னும் கஷ்டமானது இதனால்தான்.

மெகாஹெர்ட்ஸ் பந்தயம்

2000 மார்ச் 6ஆம் தேதி ஏ.எம்.டி. 1 கிகாஹெர்ட்ஸ் அத்லானை அறிவித்தது. இரண்டே நாள் கழித்து இன்டெல் 1 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 3ஐ அறிவித்தது. அதே ஆண்டு நவம்பரில் 1.5 கிகாஹெர்ட்ஸ் வேகத்தில் பென்டியம் 4 வந்தது. அதிக எண்தான் அதிக வேகம் என்று எல்லோரும் நம்பினார்கள்.

இது சரியல்ல. திராட்சைத் தோட்டத்தில் இரண்டு பேர் சுமக்கிறார்கள் என்று வைத்துக் கொள்வோம். ஒருவர் சின்னக் கூடையுடன் வேகமாக ஓடுகிறார். இன்னொருவர் பெரிய கூடையுடன் நிதானமாக நடக்கிறார். யார் அதிகம் சுமந்தார் என்பதை நடையை மட்டும் பார்த்துச் சொல்ல முடியுமா? மெகாஹெர்ட்ஸ் என்பது நடை. ஒவ்வொரு நடைக்கும் எவ்வளவு வேலை முடிகிறது என்பது கூடை. பென்டியம் 4 சின்னக் கூடைக்காரர், அத்லான் பெரிய கூடைக்காரர்.

இதை விளக்கிச் சொல்ல முடியாமல் ஏ.எம்.டி. 2001 அக்டோபரில் ஒரு தந்திரம் செய்தது. 1.53 கிகாஹெர்ட்ஸில் ஓடும் அத்லான் எக்ஸ்.பி. செயலிக்கு '1800+' என்று பெயர் வைத்தது. பெயரில் இருப்பது மெகாஹெர்ட்ஸ் என்று நினைத்து வாங்கியவர்கள், கணினியைப் போட்டதும் 1533 என்று திரையில் பார்த்துக் குழம்பினார்கள். பலர் ஏமாற்றி விட்டதாகவே நினைத்தார்கள். வேலையில் குறைவில்லை, ஆனால் பெயரில் சந்தேகம் வந்து விட்டது.

"சூடாகும்"

இரண்டாவது வாக்கியம் பிறந்ததும் இந்தக் காலத்தில்தான். அன்றைய அத்லான்கள் உண்மையிலேயே அதிகம் சூடாகின. மேல்மூடி இல்லாத சில்லு என்பதால் ஹீட்சிங்க்கைச் சரியாகப் பொருத்தாவிட்டால் மூலை உடைந்து விடும். 2001 செப்டம்பரில் டாம்ஸ் ஹார்டுவேர் என்ற இணையதளம் ஒரு சோதனை நடத்திப் படம் பிடித்தது. ஓடிக் கொண்டிருக்கும் செயலியின் மேலிருந்து ஹீட்சிங்க்கை எடுத்து விட்டார்கள். பென்டியம் 4 தன் வேகத்தைக் குறைத்துக் கொண்டு பிழைத்தது. அத்லான் புகை விட்டுக் கருகிப் போனது. அந்தப் படம் உலகம் முழுவதும் சுற்றியது.

கம்பம் பள்ளத்தாக்கு போன்ற இடத்தில் ஏ.சி. இல்லாத அறையில் வைக்கப்படும் கணினிக்கு இது நியாயமான கவலைதான். ஃபேன் நின்று போனால் பார்க்க ஆள் இல்லை. செயலி போனால் மதுரைக்கோ சென்னைக்கோ அனுப்பி வாரங்கள் காத்திருக்க வேண்டும்.

ஆனால் 2003 செப்டம்பரில் அத்லான் 64 வந்தபோது நிலைமை மாறியது. சில்லுக்கு மேல்மூடி வந்தது. தேவையில்லாதபோது வேகத்தைத் தானே குறைத்துச் சூட்டைத் தணிக்கும் வசதியும் வந்தது. இன்டெல் பக்கம் நேர்மாறாக நடந்தது. 2004 பிப்ரவரியில் வந்த 'பிரெஸ்காட்' வகைப் பென்டியம் 4கள் கடுமையாகச் சூடாகின. சில மாடல்கள் 115 வாட் வரை போயின. சூட்டைச் சமாளிக்க முடியாமல் 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 திட்டத்தையே இன்டெல் அந்த அக்டோபரில் கைவிட்டது.

ஆம், "சூடாகும்" என்ற பட்டம் இப்போது இன்டெல்லுக்குத்தான் பொருந்தும். ஆனால் ஊர்க் கடைகளில் பேச்சு மாறவில்லை! சூட்டுக்குப் பயந்து ஏ.எம்.டி.யை விட்டு, அதிக விலை கொடுத்துப் பிரெஸ்காட் வாங்கியவர்கள், எதற்குப் பயந்தார்களோ அதையே பணம் கொடுத்து வீட்டுக்குக் கொண்டு வந்தார்கள்.

நகல் எடுத்தது யார்?

"ஒரிஜினல்" பட்டமும் இதே காலத்தில் தலைகீழானது. 8086 குடும்பத்தை 64 பிட்டுக்கு விரித்தது ஏ.எம்.டி.தான். 2003 ஏப்ரலில் ஆப்டரான் செயலியில் அது வந்தது. 2004இல் இன்டெல் தன் செயலிகளில் அதே முறையைப் பின்பற்றியது. இன்று இன்டெல் கணினியில் 64 பிட் விண்டோஸ் ஓடுகிறது என்றால், அது ஏ.எம்.டி. வகுத்த வழியில் ஓடுகிறது என்று பொருள்.

2006 ஜூலையில் வந்த கோர் 2 டியோ மூலம் இன்டெல் மீண்டும் முன்னேறியது. குறைந்த மின்சாரம், குறைந்த சூடு, அதிக வேலை. தமிழகத்தில் மின்வெட்டு கடுமையாக இருந்த அடுத்த சில ஆண்டுகளில், யு.பி.எஸ். எவ்வளவு நேரம் தாங்கும் என்பதற்கும் இது உதவியது. ஏ.எம்.டி. சறுக்கியது. 2011இல் அது வெளியிட்ட புல்டோசர் வகை எதிர்பார்ப்பைப் பூர்த்தி செய்யவில்லை. இந்தக் காலத்தில் "இன்டெல் வாங்கு" என்று சொன்ன கடைக்காரர் சொன்னது சரிதான்.

போட்டி எப்போதும் நேர்மையாகவும் நடக்கவில்லை. கணினிக் கம்பெனிகள் ஏ.எம்.டி.யை வாங்காமல் இருக்க இன்டெல் தள்ளுபடி கொடுத்தது என்று ஐரோப்பிய ஆணையம் 2009 மே மாதம் 106 கோடி யூரோ அபராதம் விதித்தது. அந்த நவம்பரில் இன்டெல் ஏ.எம்.டி.க்கு 125 கோடி டாலர் கொடுத்துச் சமரசம் செய்து கொண்டது. ஐரோப்பிய அபராதம் 2022இல் நீதிமன்றத்தால் ரத்தானது. வழக்கின் வேறொரு பகுதிக்காக 2023இல் சுமார் 37.6 கோடி யூரோ மீண்டும் விதிக்கப்பட்டது.

ஒருவர் தூங்கினால் என்ன ஆகும்?

போட்டியாளர் பலவீனமாக இருந்தால் வாங்குபவருக்கு என்ன நஷ்டம் என்பதற்கு ஓர் உதாரணம். 2007இல் இன்டெல்லின் சாதாரண மேசைக் கணினிகளுக்கு நான்கு கோர் செயலி வந்து விட்டது. பத்து ஆண்டு கழித்து 2017 தொடக்கத்திலும் அதே வரிசையில் அதிகபட்சம் நான்கு கோர்தான்! 2017 மார்ச்சில் ஏ.எம்.டி. எட்டுக் கோர் ரைசனை வெளியிட்டது. அந்த அக்டோபரிலேயே இன்டெல் ஆறு கோர் செயலியைக் கொண்டு வந்து விட்டது. பத்து ஆண்டாக நடக்காதது ஏழு மாதத்தில் நடந்தது. இன்டெல் மட்டுமே வாங்கியவர்களுக்கும் இந்த லாபம் கிடைத்தது என்பது குறிப்பிடத்தக்கது.

இதற்கிடையில் 2011 செப்டம்பரில் தமிழக அரசு மாணவர்களுக்கு இலவச மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியது. பல கிராமத்து வீடுகளில் அதுதான் முதல் கணினி. எந்தச் செயலி என்பதை முடிவு செய்தது அரசின் டெண்டர். பிந்தைய ஆண்டுகளில் கொடுக்கப்பட்ட லெனோவோ மடிக்கணினிகளில் ஏ.எம்.டி. செயலிகளும் வந்தன. கடையில் ஏ.எம்.டி. வேண்டாம் என்று சொன்ன வீடுகளுக்குள்ளும் அது இப்படிப் புகுந்தது.

வரலாறு சொல்லும் பாடம்

2024இல் இன்டெல்லின் 13ஆம், 14ஆம் தலைமுறை மேசைக் கணினிச் செயலிகள் சிலவற்றில் மின்னழுத்தக் கோளாறு வந்து, உத்தரவாதத்தை இரண்டு ஆண்டு நீட்டிக்க வேண்டியதாயிற்று. "இன்டெல் என்றால் பயமில்லை" என்பதும் எப்போதும் உண்மை இல்லை. அதே 2024 அக்டோபரில், ஏ.ஆர்.எம். வகைச் சில்லுகள் மடிக்கணினிகளிலும் நுழையத் தொடங்கியிருந்த நேரத்தில், இன்டெல்லும் ஏ.எம்.டி.யும் சேர்ந்து ஓர் ஆலோசனைக் குழுவை அமைத்தன. தாய் வீட்டிலிருந்து பிரிந்து ஐம்பது ஆண்டுக்கு மேல் சண்டை போட்டவர்கள் ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள்.

அனுமந்தன்பட்டியில் திராட்சை வாங்க வரும் வியாபாரி, போன வருடம் இந்தத் தோட்டம் நன்றாகக் காய்த்தது என்பதற்காக விலை பேச மாட்டார். இந்த வெட்டுக்குக் கொத்து எப்படி இருக்கிறது என்று கொடிக்கு அடியில் போய் நின்று பார்த்துத்தான் பேசுவார். கணினி வாங்குவதற்கும் அதுதான் வழி. எந்தக் கம்பெனி என்று கேட்பதற்கு முன், எந்த ஆண்டு வந்த மாடல், எத்தனை கோர், எத்தனை வாட், மதர்போர்டோடு சேர்த்து என்ன விலை என்று கேட்க வேண்டும். கடைக்காரர் "அது சூடாகும்" என்றால், "எந்த மாடல்?" என்று திருப்பிக் கேட்க வேண்டும்.