சுடரும் சாளரமும்

நெருப்பின் அருகில் அமர்ந்து தொழில் செய்கிறவனைக் குளிர் என்ன செய்துவிடும் என்று, ஆண்டில் பெரும்பகுதியும் வியர்வையைத் துடைத்துக்கொண்டே வாழும் நமக்குத் தோன்றுவது இயல்பே. கொல்லன் உலைக்களத்தையும் தட்டான் பட்டறையையும் கண்டு பழகிய கண்ணுக்கு, சுடருக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவன் விரல் விறைத்துத் தவிப்பான் என்பது நம்பத்தகாத செய்தி. ஆயினும் ஜெர்மனி தேசத்து மலைக் கிராமங்களில், குடியிருக்கும் வீட்டிலேயே விளக்குச் சுடரில் கண்ணாடியை இளக்கி, பாசிமணியும் பொம்மைக் கண்ணும் கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கும் பளபளக்கும் குண்டுகளும் செய்து ஜீவனம் நடத்திய குடும்பங்களின் சரித்திரத்தை ஆராய்ந்தால், அவர்களுடைய ஓயாத வழக்கெல்லாம் வீட்டுச் சாளரத்தோடுதான் இருந்தது என்பது புலப்படும். சாளரத்தைத் திறந்தால் பனி; அடைத்தால் புகை. இந்த இரண்டில் எதைப் பொறுப்பது என்ற கேள்விக்குத் தலைமுறை தலைமுறையாக அவர்கள் சொல்லி வந்த பதில், ஒரு கைத்தொழிலின் வரலாறாகவும் ஒரு சமூகத்தின் ஆரோக்கிய வரலாறாகவும் அமைந்துவிட்டது.

துரிங்கியா மலைக்காட்டின் தென்பகுதியில், ஏறத்தாழ 600 மீட்டர் உயரத்தில், குறுகிய பள்ளத்தாக்கு ஒன்றில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும் ஊர் லவுஷா. வீடுகளின் சுவர்களுக்கும் கூரைகளுக்கும் கரும்பலகைக்கல் போர்த்தியிருப்பார்கள். அந்த மலையில் அக்கல்லுக்குப் பஞ்சமில்லை. 1597-ஆம் ஆண்டில் ஹான்ஸ் கிரைனர், கிறிஸ்டோஃப் முல்லர் என்ற இருவர், கோபுர்க் நாட்டுக் கோமகன் யோஹான் காஸிமிரிடம் அனுமதி பெற்று அங்கே கண்ணாடி உலை ஒன்றை நிறுவினார்கள். அக்காலத்தில் கண்ணாடிக்கு முதற்பொருள் மணல் என்று சொன்னாலும், உண்மையில் அது காட்டைத் தின்று வளர்ந்த தொழில். உலையை எரிப்பதற்கும் மரம், மணலை இளக்கும் சாம்பல் உப்புக்கும் மரம். ஆகவே மரம் செழித்து, உழவுக்கு உதவாமல் கிடந்த அந்த மலைச்சரிவு இவர்களுக்கு வரப்பிரசாதமாயிற்று. ஆனால் மரம் செழித்த அதே உயரத்தில் பனிக்காலமும் நீண்டது.

பொது உலையில் பங்குரிமை சில குடும்பங்களுக்கே உரியது. உரிமையில்லாத கிளைகளும் இளைய மக்களும் பெருகப் பெருக, அவர்களுக்கு வேறு பிழைப்பு வேண்டியிருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் விளக்குச் சுடரில் கண்ணாடி ஊதும் வித்தை அந்த ஊரில் வேரூன்றியது இந்த நெருக்கடிக்கு மருந்தாக வந்தது எனலாம். உலையில் இழுத்த கண்ணாடிக் குழல்களை விலைக்கு வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டியது, ஒரு மேசை, மேசைமேல் கொழுப்போ எண்ணெயோ எரியும் விளக்கு, மேசைக்கு அடியில் காலால் மிதிக்கும் துருத்தி, துருத்தியின் காற்றைச் சுடருக்குள் செலுத்த ஒரு சிறு குழாய், இவ்வளவே மூலதனம். துருத்திக் காற்றுப் பட்டதும் மஞ்சள் சுடர் பக்கவாட்டில் கூர்மையாக நீண்டு உக்கிரங்கொள்ளும். அதில் குழலைச் சுழற்றிச் சுழற்றிக் காட்டி, இளகியதும் மறுமுனையை வாயில் வைத்து ஊதினால், மணியோ குண்டோ உருக்கொள்ளும். மரபுரிமையும் பெரும் பொருளும் இல்லாதவனைத் தன் வீட்டிலேயே கைவினைஞனாக்கிய இந்த ஏற்பாட்டை நான் சாதாரணமானதாக எண்ணவில்லை. அதற்கு அவன் கொடுத்த விலையும் சாதாரணமானதன்று.

தை, மாசி மாதங்களுக்கு ஒப்பான அந்த நாட்டுக் கடுங்குளிரில், அவன் மேசைக்கு முன் அமர்ந்திருக்கும் நிலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். முகமும் மார்பும் சுடரின் உஷ்ணத்தில் காய்கின்றன. முதுகிலோ குளிர் ஏறுகிறது. துருத்தியை மிதிக்கும் கால் தரையின் சில்லிப்பில் மரத்துப்போகிறது. விளக்குச் சுடர் கண்ணாடியை இளக்கப் போதுமானதேயன்றி, அறையைச் சூடாக்கப் போதுமானதன்று. அறைக்கு விறகடுப்பு உண்டு. ஆனால் விறகுக்குக் காசு வேண்டும். எனவே மூட்டிய அடுப்பின் சூட்டைக் கைவிடாமல் காக்க, சாளரங்களை இறுக அடைத்தார்கள். குளிர் ஒன்று மட்டுமே காரணமாக இருந்திருந்தால் நடுப்பகலில் சிறிது நேரமாவது திறந்து வைத்திருப்பார்கள். தொழிலே சாளரத்தைத் திறக்க விடவில்லை. காற்று சற்று வீசினாலும் சுடர் வளையும். சுடர் வளைந்தால் குண்டின் ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் மெலியும். இளகிச் சிவந்திருக்கும் மெல்லிய கண்ணாடியின்மேல் பனிக்காற்று ஒரு வீச்சுப் பட்டால், வெளிப்புறம் முன்னதாகச் சுருங்க, உட்புறம் பின்தங்க, கணத்தில் விரிசல் கண்டு உடையும். ஒரு டஜனுக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவனுக்கு உடைந்த குண்டுக்கு ஒரு காசும் இல்லை. நுரையீரல் ஒரு பக்கமும் வயிறு ஒரு பக்கமும் இழுக்க, சாளரம் மூடியே கிடந்தது.

மூடிய அந்த அறைதான் சமையலறை, படுக்கையறை, பட்டறை எல்லாம். தகப்பன் ஊதுவான், தாய் உள்ளே ரசம் பூசுவாள், பிள்ளைகள் பள்ளியிலிருந்து வந்ததும் வண்ணம் தீட்டவும், குண்டின் கழுத்தை அறுக்கவும், கம்பி கோத்த மூடியைச் செருகவும் உட்காருவார்கள். தொடக்கத்தில் ஈயம் முதலிய உலோகங்களைக் குண்டுக்குள் விட்டுச் சுழற்றிப் பளபளப்பு ஏற்றினார்கள்; பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் ரசாயன அறிஞர் யூஸ்டஸ் ஃபொன் லீபிக் கண்டறிந்த வெள்ளி நைட்ரேட் முறை வழக்கத்துக்கு வந்தது. அந்தக் கரைசலைச் சிறிது உள்ளே விட்டு, குண்டை வெந்நீரில் அமிழ்த்தி ஆட்டினால், வெள்ளி உட்சுவரில் படிந்து கண்ணாடி போல் மின்னும். பூசுகிறவளின் விரல்கள் கறுத்துப்போகும். கரைசலில் சேர்ந்த அம்மோனியாவின் நெடி அறையில் தங்கும். பூசிய குண்டுகளை ஆணிப் பலகைகளில் கவிழ்த்து அடுப்புச் சூட்டில் உலர்த்துவார்கள். ஆக, விளக்கின் புகை, அடுப்பின் புகை, வண்ணத்தின் நாற்றம், வெந்நீரின் ஆவி, ஒரு குடும்பத்தின் மூச்சு ஆகிய அனைத்தும் ஒரே கூரைக்கடியில் சுழன்றன. முடிந்த சரக்கைப் பெண்கள் பெரிய கூடைகளில் அடுக்கி, முதுகில் சுமந்து, ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஸோன்னபெர்க் நகரத்து வியாபாரிகளிடம் கால்நடையாகக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். லவுஷாவுக்கு ரயில் வந்ததே 1886-இல்தான்.

இந்தப் புகைமூட்டத்திலிருந்துதான் அதிசயமான பொருள்கள் பிறந்தன. 1835-இல் லூத்விக் முல்லர்-ஊரி என்பவர் மனிதர்க்குப் பொருத்தும் செயற்கைக் கண்ணை லவுஷாவில் செய்யத் தொடங்கினார். பொம்மைகளுக்குக் கண் செய்து பழகிய கைதான் அதற்கும் உதவியது. கிறிஸ்துமஸ் குண்டுகளைப் பற்றி ஒரு கதை உண்டு: ஆப்பிளும் வால்நட்டும் வாங்க வசதியற்ற ஓர் ஏழை, அவற்றைக் கண்ணாடியில் ஊதித் தன் மரத்தில் தொங்கவிட்டானாம். வறுமையை அழகாக்கிக் காட்டும் கதைகளிடத்தில் எனக்கு எப்போதுமே சிறிது ஐயம் உண்டு. 1848-ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒரு கைவினைஞரின் கணக்குப் புத்தகத்தில், மூன்று அளவுகளில் ஆறு டஜன் குண்டுகளுக்கு உத்தரவு வந்ததாகக் குறிப்பிருப்பது அதைவிடத் திடமான சாட்சி. 1880-இல் அமெரிக்க வியாபாரி வுல்வொர்த், இவை விற்குமோ விற்காதோ என்று தயங்கி, 25 டாலருக்கு மட்டும் வாங்கித் தம் கடையில் வைத்தார். வைத்த வேகத்தில் அவை விற்றுத் தீர்ந்தன. அதன்பின் கடல் கடந்து வந்த உத்தரவுகளுக்கு அளவே இல்லை. கப்பலில் ஏற வேண்டிய சரக்கு பண்டிகைக்கு வெகு முன்னரே புறப்பட்டாக வேண்டுமாதலால், ஓராண்டு டிசம்பரில் நியூயார்க் வீட்டில் மின்னிய குண்டு, அதே ஆண்டின் தொடக்கத்துப் பனியில் சாளரம் அடைத்த அறையில் ஊதப்பட்டதாகவும் இருக்கலாம்.

இவ்வளவு பெரிய வாணிபத்துக்கு இடங்கொடுத்தது 1867-இல் ஊரில் ஏற்பட்ட வாயு நிலையம். எண்ணெய் விளக்கைவிட உக்கிரமான, சீரான சுடரைக் குழாய் வழியே ஒவ்வொரு மேசைக்கும் கொண்டுவந்ததால், பெரிய குண்டுகளை மெல்லிய சுவரோடு ஊத முடிந்தது. கரிப்புகையும் குறைந்தது. குறைந்ததே ஒரு வகையில் ஆபத்தாயிற்று என்பது என் கருத்து. எண்ணெய்ப் புகை கண்ணைக் கரிக்கும், சுவரைக் கறுப்பாக்கும், தாங்க முடியாமற்போனால் கதவைத் திறக்கச் சொல்லும். நிலக்கரி வாயுவோ தன்னுள்ளேயே கார்பன் மோனாக்சைடு என்னும் கொடிய நஞ்சை வைத்துக்கொண்டு, நிறமின்றி எரிந்தது. பகையின் முகம் மறைந்ததும் சாளரம் முன்னிலும் நிம்மதியாக மூடிக்கொண்டது. வீட்டுத்தொழில் என்பது சட்டத்தின் கண்ணுக்கு நெடுங்காலம் எட்டவில்லை. 1903-இல் பிள்ளைகளின் உழைப்பைக் கட்டுப்படுத்தும் சட்டம் பெற்றோரின் சொந்த வீட்டுத்தொழிலையும் தொட்டது. 1906-இல் பெர்லினில் நடந்த வீட்டுத்தொழிற் கண்காட்சி, அழகிய பொருள்களின் பின்னாலிருந்த அற்பக் கூலியைப் பட்டணத்து மக்களுக்குக் காட்டியது. 1911-இல் வீட்டுத்தொழிலுக்கென்றே ஒரு சட்டம் பிறந்தது.

இதற்கிடையில் அதே துரிங்கியாவின் யேனா நகரில், ஓட்டோ ஷாட் என்னும் விஞ்ஞானி, சூட்டிலும் குளிரிலும் எளிதில் வெடிக்காத போரோசிலிகேட் கண்ணாடியை ஆக்கினார். 1915-இல் அமெரிக்காவில் இத்தகைய கண்ணாடி பைரெக்ஸ் என்ற பெயரோடு சமையலறைக்குள் புகுந்தது. இந்தக் கண்ணாடியை இளக்கச் சாதாரணச் சுடர் போதாது. புரொப்பேன் வாயுவோடு ஆக்ஸிஜனையும் கலந்து, 2500 டிகிரி செல்ஸியஸுக்கு மேற்பட்ட சுடர் வேண்டும். அவ்வளவு உக்கிரத்தில் காற்றிலுள்ள நைட்ரஜனே எரிந்து நைட்ரஜன் ஆக்ஸைடுகளாக மாறி நுரையீரலை அரிக்கும். 1962-இல் ஹார்வி லிட்டில்டன் டொலீடோ நகரத்து அருங்காட்சியக வளாகத்தில், ஒரு கார்க் கொட்டகையில் சிறு உலை அமைத்து, தொழிற்சாலையின்றியும் கண்ணாடிக் கலை நடக்கும் என்று காட்டிய பிறகு, தனிமனிதப் பட்டறை என்பது மீண்டும் கௌரவம் பெற்றது. அடுத்த தலைமுறையில் வீட்டுக் கொட்டகையிலும் நிலவறையிலும் சுடர்மேசை போட்டவர்கள் பெருகினார்கள். பழைய லவுஷாவின் வழக்கு அமெரிக்கக் குளிர்காலத்தில் புதிதாக எழுந்தது. ஆனால் இம்முறை தீர்ப்பு மாறியது. மேசைக்கு மேல் கூண்டும் அதன் உச்சியில் எக்ஸாஸ்ட் விசிறியும் இன்றியமையாதவை ஆயின.

விசிறி புகையை மட்டும் பிரித்து இழுக்க அறியாது. காசு கொடுத்துச் சூடாக்கிய அறைக் காற்றையெல்லாம் சேர்த்து வெளியே தள்ளும். வெளியேறிய அளவு காற்று எங்கிருந்தாவது உள்ளே வந்தே தீரும். அதற்கு வழி வைக்காவிடில், வெந்நீர்க் கொதிகலனின் புகைபோக்கி வழியாகத் தலைகீழாக இறங்கி, அங்குள்ள நஞ்சையும் வீட்டுக்குள் கொண்டுவந்துவிடும். இதற்கு அனுபவசாலிகள் கண்ட உபாயம் மிக நுட்பமானது. கூண்டைத் தாழ இறக்கி, இருபுறமும் அடைத்துவிட்டால் குறைந்த இழுப்பே போதும். வெளிக்காற்று வரும் துவாரத்தை மேசையின் அருகிலேயே அமைத்தால், பனிக்காற்று அறையைச் சுற்றிக் குளிர்விக்காமல், வந்த வழியே புகையைக் கூட்டிக்கொண்டு மேலேறிவிடும். காற்றைச் சூடாக்குவதில் பயனில்லை என்றறிந்து, ஆளைச் சூடாக்குகிறார்கள்: முதுகுக்குப் பின்னால் கதிர்வீசும் ஹீட்டர், சிமெண்டுத் தரையில் காலுக்கு அடியில் மரப்பலகை, உடலில் கம்பளியும் பருத்தியும். நைலான் போன்ற செயற்கை இழை கூடாது; தீப்பொறி பட்டால் உருகித் தோலோடு ஒட்டும். செய்த பொருளை மெல்ல ஆறவிடும் மின்சூளை 500 டிகிரி அளவில் எரிந்துகொண்டிருப்பதால், சிறிய அறைக்கு அதுவே ஒரு கணப்பு. குளிர்ந்த கண்ணாடிக் குச்சியைச் சுடரில் சட்டென்று நீட்டினால் வெடித்துத் தெறிக்கும் என்பதால், குச்சிகளை அந்தச் சூளையின் மேலேயே வைத்து வெதுவெதுப்பாக்கிக்கொள்கிறார்கள்.

லவுஷாவில் இன்றும் குண்டு ஊதுகிறார்கள். 2021-இல் ஜெர்மனி அந்தக் கைத்திறனைத் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. அது நல்ல செய்திதான். ஆனால் அடைத்த சாளரத்தின் கதை முடிந்துவிட்டதென்று நாம் மனநிறைவு கொள்ள இடமில்லை. உத்தரப் பிரதேசத்து ஃபிரோஸாபாத்தில், நம் ஊர்க் கடைவீதிகள் வரை வந்து சேரும் கண்ணாடி வளையல்களின் முனைகளை ஒட்டும் வேலை, ஏழைகளின் வீடுகளில், பெரும்பாலும் பெண்களின் கைகளால், மண்ணெண்ணெய்ச் சுடரில் நடந்து வந்திருக்கிறது; சுடர் அசையக் கூடாதென்று கோடையிலும் விசிறி போடாமல், வடநாட்டுக் குளிருக்குக் கதவை அடைத்துக்கொண்டு செய்த வேலை அது. சுடரை அசைக்காமல் புகையை மட்டும் மேலே இழுக்கும் கூண்டு இப்போது உலகம் அறிந்த சாதனம். அதன் செலவு பெரிதன்று. அந்த வளையலால் லாபம் பெறும் வியாபாரிகளும் அந்தத் தொழிலால் பெருமை பெறும் அரசாங்கமும் அதை அந்த வீடுகளில் பொருத்திக் கொடுக்க முன்வர வேண்டும்.