சக்கரக் குடத்தினுள் உருளும் குண்டுகள்

கல்லூரி ஆய்வகத்திற்கு ஒரு நாள் மாணவர் ஒருவர் மாதிரி லாரி ஒன்றை எடுத்து வந்தார். கையில் பிடித்த வானொலிப் பெட்டியால் தூரத்திலிருந்தே ஓட்டக்கூடிய வண்டி அது. மின்கலம், மோட்டார் எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ நான்கு கிலோ எடை இருக்கும். முன்சக்கரத்தைப் பிடித்து அசைத்தால் ஆடியது. சுழற்றினால் மணலை அரைப்பதுபோல் ஒலித்தது. “மூன்றாவது முறையாகப் பேரிங் போய்விட்டது, சார். மட்டமான சரக்கை விற்கிறார்கள்” என்றார்.

பேரிங் மட்டமானதாகவும் இருக்கலாம். ஆனால் அப்படித் தீர்ப்புக் கூறுவதற்கு முன், நல்ல பேரிங் எதனால் கெடுகிறது என்று கேட்க வேண்டாமா? அறிஞர்களும் பட்டறைக்காரர்களும் நெடுங்காலம் கேட்டு விடை கண்ட கேள்வி இது. அந்த வரலாற்றைச் சற்றே காண்போம்.

சறுக்குவதும் உருள்வதும்

மாட்டு வண்டியின் சக்கரக் குடம் அச்சின்மேல் சறுக்கிக்கொண்டே சுழல்கிறது. அதனால்தான் அதற்கு அடிக்கடி வண்டி மை இட வேண்டியிருக்கிறது. சறுக்குவதைக் காட்டிலும் உருள்வது எளிது என்பதைப் பண்டைக் காலத்தவரும் அறிந்திருந்தனர். இத்தாலியில் நெமி ஏரியின் நீரை 1928 முதல் வடித்தபோது, கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த ரோமானியக் கப்பல்கள் வெளிப்பட்டன. அவற்றில் வெண்கலக் குண்டுகளின்மேல் சுழலும் மேடையின் பகுதிகள் இருந்தன.

15-ஆம் நூற்றாண்டின் இறுதியில் லியோனார்டோ டா வின்சி இன்னும் ஒரு படி முன்னேறினார். அருகருகே உருளும் இரண்டு குண்டுகள் ஒன்றையொன்று தொடும் இடத்தில் அவற்றின் பரப்புகள் எதிர் எதிர்த் திசைகளில் நகர்கின்றன. ஆகவே அங்கே மீண்டும் சறுக்கல் உண்டாகிறது. குண்டுகளைப் பிரித்து வைக்கும் அமைப்புகளை அவர் தம் குறிப்பேட்டில் வரைந்து வைத்தார். இன்று பேரிங்கினுள் நாம் காணும் ‘கூடு’ செய்யும் வேலை இதுவே. ஆனால் அக்குறிப்பேடு மாட்ரிட் நகர நூலகத்தில் கவனிப்பாரின்றிக் கிடந்து, 1960-களில்தான் மீண்டும் கண்டெடுக்கப்பட்டது.

வேல்ஸ் நாட்டின் கார்மார்தன் நகரைச் சேர்ந்த இரும்புத் தொழிலதிபர் பிலிப் வாகன், 1794-இல் வண்டி அச்சுக்கான குண்டுத் தாங்கிக்குக் காப்புரிமை பெற்றார். அச்சைச் சுற்றியுள்ள பள்ளத்தில் குண்டுகள் உருளும் அமைப்பு அது. கருத்து சரியானதே. எனினும் அது உடனே எங்கும் பரவிவிடவில்லை. அதற்கு வேண்டிய குண்டுகளைச் செய்யும் திறன் அன்று இல்லை.

மிதிவண்டி செய்த உதவி

பேரிங்கை மக்களிடம் கொண்டு சேர்த்தது மிதிவண்டிதான். பாரிசைச் சேர்ந்த ஜூல் சூரிரே 1869-இல் மிதிவண்டிச் சக்கரத்திற்கான குண்டுத் தாங்கிக்குக் காப்புரிமை பெற்றார். அதே ஆண்டு நவம்பரில் பாரிசிலிருந்து ரூவான் நகருக்கு நடந்த நெடும்பந்தயத்தில் ஜேம்ஸ் மூர் வென்றார். அவர் ஓட்டிய வண்டியில் குண்டுத் தாங்கிகள் பொருத்தப்பட்டிருந்தன.

இருப்பினும் ஒரு தொல்லை நீங்கவில்லை. ஒரு வளையத்தில் பத்துக் குண்டுகள் இருக்க, அவற்றுள் ஒன்று மட்டும் மயிரிழை பெரிதாயிருந்தால் என்ன ஆகும்? அந்த ஒன்றே சுமையின் பெரும்பகுதியைத் தாங்கும். விரைவில் அதுவே உடையும். ஜெர்மனியில் ஷ்வைன்ஃபுர்ட் நகரில் பிரீட்ரிக் பிஷர் 1883-இல் உருவாக்கிய இயந்திரம், எஃகுக் குண்டுகளை ஒரே அளவினவாகவும் சீரான உருண்டைகளாகவும் அரைத்துத் தந்தது. பேரிங் தொழில் வேரூன்றியது இதற்குப் பிறகே.

கண்ணாடி வில்லையில் பிறந்த கணக்கு

வானொலி அலைகளைக் கண்டறிந்த ஹைன்ரிக் ஹெர்ட்சை நாம் அறிவோம். அவர் பேரிங்குக்கும் வழிகாட்டியவர் என்பது பலருக்கு வியப்பளிக்கலாம். பெர்லினில் ஹெல்ம்ஹோல்ட்சின் உதவியாளராக இருந்தபோது, இரண்டு கண்ணாடி வில்லைகளை அழுத்தி வைத்தால் அவற்றிடையே தோன்றும் நியூட்டன் வளையங்கள் எவ்வாறு மாறும் என்று அவர் சிந்தித்தார். அழுத்தும்போது வில்லைகள் சற்றே தட்டையாகும் அல்லவா? அதற்கான கணக்கை 1881-இல் அவர் முன்வைத்தார்.

குண்டு ஒன்று வளையத்தைத் தொடுவது ஒரு புள்ளியில் அன்று. மிகச் சிறிய ஒரு பரப்பில். அப்பரப்பு நுண்ணியதாகையால் அங்கே அழுத்தம் பத்தாயிரம் வளிமண்டல அழுத்தத்தையும் தாண்டக்கூடும். சுமை எட்டு மடங்கானால் இந்த அழுத்தம் இரு மடங்காகும் என்றது ஹெர்ட்சின் கணக்கு. எந்த அளவுக் குண்டு எவ்வளவு சுமை தாங்கும் என்று கணித்துச் சொல்ல, பின்வந்த பொறியியலாளர்க்கு இதுவே அடிப்படையாயிற்று. அழுத்தம் எல்லை மீறினால் குண்டு வளையத்தில் குழி பதித்துவிடும். கடினக் குண்டை உலோகத்தில் அழுத்திக் குழியை அளந்து, அந்த உலோகத்தின் கடினத்தன்மையை அறியும் முறையை சுவீடன் நாட்டவரான பிரினெல் 1900-இல் அறிமுகப்படுத்தினார். பேரிங்கில் விழும் குழிக்கும் பொறியியலாளர்கள் அவர் பெயரையே சூட்டியுள்ளனர்.

களிமண்ணில் இறங்கிய ஆலை

சுமை மிகாவிட்டாலும் பேரிங் கெடுவதுண்டு. சுவீடனில் கோத்தன்பர்க் நகரிலிருந்த நெசவாலை ஒன்றில் இந்நிலை ஏற்பட்டது. அந்த ஆலை களிமண் நிலத்தின்மேல் நின்றது. நிலம் சிறிது சிறிதாக அமிழ, இயந்திரங்களை ஓட்டும் நீண்ட சுழல்தண்டுகள் நேர்கோட்டிலிருந்து விலகின. பேரிங்குகள் அடிக்கடி பழுதாயின. அங்கே பொறியியலாளராயிருந்த ஸ்வென் விங்குவிஸ்ட் நிலத்தைத் திருத்த முயலவில்லை. பேரிங்கின் வெளிவளையத்தின் உட்பரப்பை ஒரு கோளத்தின் பகுதியாக அமைத்தார். தண்டு சாய்ந்தால் உள்வளையமும் இரண்டு வரிசைக் குண்டுகளும் அதனுடன் சேர்ந்து சாய்ந்துகொள்ளும். 1907-இல் பிறந்த இந்தத் தானே நேர்படும் பேரிங்கை வைத்தே அவ்வாண்டு எஸ்.கே.எஃப். நிறுவனம் தோன்றியது.

ஆயுளுக்கு ஒரு கணக்கு

நல்ல எஃகு, சரியான பொருத்தம், தூய கிரீஸ் எல்லாம் இருந்தாலும் பேரிங்குக்கு முடிவு உண்டு. குண்டுகள் கோடிக்கணக்கான முறை உருண்டு செல்லச் செல்ல, பரப்புக்குச் சற்றுக் கீழே எஃகு களைப்படைந்து நுண்ணிய வெடிப்பு தோன்றுகிறது. பின்னர் மேற்பரப்பு செதிள் செதிளாகப் பெயர்கிறது. ஒரே நாளில் செய்த ஒரே வகைப் பேரிங்குகளும் ஒரே நாளில் முடிவதில்லை. ஆகவே நூற்றில் தொண்ணூறு பேரிங்குகள் கடந்துவிடும் சுற்றுகளின் எண்ணிக்கையை ஆயுளாகக் கொள்வது வழக்கமாயிற்று. இத்துறையில் 1924 முதல் உழைத்த சுவீடன் நாட்டுப் பொறியியலாளர் ஆர்விட் பால்ம்கிரேன், 1947-இல் லுண்ட்பெர்க்குடன் சேர்ந்து முழுக் கோட்பாட்டை வெளியிட்டார். அதன்படி குண்டுத் தாங்கியின் ஆயுள் சுமையின் முப்படிக்கு எதிர்விகிதத்தில் அமைகிறது. சுமை இரு மடங்கானால் ஆயுள் எட்டில் ஒரு பங்கு!

மாதிரி லாரியின் குறை என்ன?

இனி மாணவரின் வண்டிக்குத் திரும்புவோம். 1980-களில் விற்ற மாதிரி வண்டிகள் பலவற்றில் பேரிங்குக்குப் பதில் பிளாஸ்டிக் அல்லது உலோகப் புஷ்களே இருந்தன. இவ்வண்டியிலோ ஒவ்வொரு முன்சக்கரத்திலும் 5 மி.மீ. துளையும் 11 மி.மீ. வெளிவிட்டமும் கொண்ட இரண்டு சிறு பேரிங்குகள் இருந்தன. அதன் டயர் 15 செ.மீ. விட்டமுடையது. மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் அது நிமிடத்திற்கு ஏறத்தாழ 2,100 முறை சுழலும். 60 செ.மீ. விட்டமுள்ள காரின் சக்கரமோ அதே வேகத்தில் 530 முறைதான் சுழலும்.

அழகுக்காக அவர் அகலமான சக்கரங்களை மாட்டியிருந்தார். முன்பு சக்கரத்தின் மையம் இரண்டு பேரிங்குகளுக்கும் நடுவே இருந்தது. சக்கரத்திற்கு ஒரு கிலோ சுமை என்றால் பேரிங்குக்கு அரை கிலோ. இப்போது மையம் வெளிப் பேரிங்குக்கு அப்பால் 2 செ.மீ. தள்ளிப் போய்விட்டது. பேரிங்குகளின் இடைவெளியோ 1 செ.மீ. நெம்புகோல் விதிப்படி வெளிப் பேரிங்கின் சுமை மூன்று கிலோவாகிறது. ஆறு மடங்குச் சுமை என்றால் ஆயுள் 216-இல் ஒரு பங்கு. இது ஓடும்போதுள்ள கணக்கு. வண்டி மேட்டில் தாவி விழும்போது சுமை இன்னும் பல மடங்காகிக் குழி பதிக்கவும் கூடும்.

பழைய பேரிங்கின் தகட்டு மூடியைக் கழற்றிப் பார்த்தோம். உள்ளே கிரீஸ் இல்லை; துருவேறிய செஞ்சேறு இருந்தது. ஓட்டி முடித்ததும் வண்டியைக் குழாயடியில் கழுவுவது அவர் வழக்கமாம். தகட்டு மூடி உள்வளையத்தைத் தொடுவதில்லை. அந்த இடுக்கு வழியே நீரும் மணலும் நுழைந்துவிடும். சிறு பேரிங்குகள் பெரும்பாலும் களைப்பால் சாவதில்லை. அதற்கு முன்பே அழுக்கும் துருவும் அவற்றை முடித்துவிடுகின்றன.

ஆகவே செய்ய வேண்டியவை எளியன. ரப்பர் மூடியுள்ள பேரிங்கை வாங்க வேண்டும்; உராய்வு சற்றே கூடினாலும் மண் நுழையாது. ஈரத்தில் ஓட்டினால் சக்கரத்தைக் கழற்றித் துடைத்து உலர்த்தி, தேவையானால் புது கிரீஸ் இட வேண்டும். குடத்தில் பொருத்தும்போது வெளிவளையத்தை மட்டுமே அழுத்த வேண்டும். உள்வளையத்தைத் தட்டினால் அந்த அடி குண்டுகள் வழியே சென்று குழி விழும். அச்சு வளைந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். முதலில் பழைய சக்கரங்களைத் திரும்ப மாட்ட வேண்டும்.

மாணவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பிறகு, “அப்படியானால் மூன்று பேரிங்கையும் கெடுத்தது நான்தானா, சார்?” என்றார். விங்குவிஸ்டின் ஆலையிலும் குறை பேரிங்கில் இல்லை. அடியிலிருந்த களிமண்ணில்தான் இருந்தது. உடைந்த பொருளை எறிவதற்கு முன் ஒருமுறை பிரித்துப் பார்ப்போம். அது எதனால் உடைந்தது என்பதற்கான சான்று பெரும்பாலும் அதனுள்ளேயே இருக்கும்.