பால்வெட்டு முறையும் காப்புரிமையும்

செங்காங்கில் இன்று அடுக்குமாடி வீடுகள் நிற்கும் வட்டாரத்தில் ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டங்கள் இருந்தன. அத்தகைய தோட்டங்களை வாழவைத்த பால்வெட்டு முறை யாருடைய உடைமை?

1877ஆம் ஆண்டு லண்டன் கியூ தோட்டத்திலிருந்து 22 ரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவுக்கு வந்தன. 1888இல் அப்பூங்காவின் தலைமைப் பொறுப்பை ஏற்றவர் ஹென்றி ரிட்லி. பட்டையை மட்டும் மெல்லச் சீவி, முன்வெட்டிய வாயையே மீண்டும் திறந்தால் பால் மிகுதியாகச் சுரக்கும். மரமும் பல்லாண்டு வாழும் என்று அவர் கண்டார். அரசாங்க ஊதியம் பெற்ற ரிட்லி அம்முறையைத் தமக்கென மறைத்து வைக்கவில்லை. தோட்ட முதலாளிகளுக்கு எடுத்துரைத்து, ரப்பர் பயிரிடுமாறு இடைவிடாது வற்புறுத்தினார்.

இன்றைய வழக்கு வேறு. சிங்கப்பூரின் 1994ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டப்படி, ஊழியர் தம் பணிக்கடமையில் கண்டுபிடித்தது பொதுவாக வேலை கொடுத்தவருக்கே உரியது. பல்கலைக்கழகங்கள் பேராசிரியர்களின் கண்டுபிடிப்புகளுக்குக் காப்புரிமை பெற்று, தொழில் நிறுவனங்களுக்கு உரிமம் வழங்கி, வருவாயில் கண்டவருக்கும் பங்களிக்கின்றன.

அறிவைப் பூட்டி வைப்பதினும் திறந்து கொடுப்பதே மேல் எனலாம். ஆயின், ரிட்லி திறந்து கொடுத்த அறிவின் ஆதாயம் முதலாளிகளிடமே குவிந்தது. விடியுமுன் எழுந்து கத்தி பிடித்த தமிழர்க்குக் கிடைத்தது நாட்கூலியே. ஆதலின், உரிமை யாருக்கு என்று கேட்பதோடு, பயன் யாரைச் சேர்கிறது என்றும் கேட்டல் வேண்டும்.