கூலி என்னும் சொல்

பொருளியலில் வழங்கும் தமிழ்ச் சொற்களுள், கடல் கடந்து போய்ப் பொருள் மாறிய சொல் ஒன்றை இன்று ஆராய்வோம். அதுதான் 'கூலி'.

தமிழில் கூலி என்றால் உழைப்புக்குக் கிடைக்கும் ஊதியம். வண்டிக்கூலி, நெசவுக்கூலி, செய்கூலி என்று இன்றும் சொல்கிறோம். முயற்சியானது உடல் வருந்தியதற்கேற்ற பயனைத் தரும் என்று சொல்லவந்த திருவள்ளுவர், 619ஆம் குறளில் அப்பயனைக் 'கூலி' என்றே குறிப்பிடுகிறார். ஆகவே இஃது இழிசொல் அன்று. உழைப்பவரை நாம் 'கூலியாள்' என்றோம். கூலி வேறு, ஆள் வேறு.

ஐரோப்பிய வணிகரின் நாவில் ஏறியபோது 'ஆள்' உதிர்ந்துவிட்டது. ஊதியத்தின் பெயரே மனிதரின் பெயராயிற்று. குஜராத்தில் வாழும் 'கோலி' மக்களின் பெயரிலிருந்து அச்சொல் பிறந்தது என்பாரும் உளர். இரண்டும் கலந்திருக்கவும் கூடும். பின்னர் சீனத் தொழிலாளரையும் அவ்வாறே அழைத்தனர்.

இம்மாற்றத்தின் சுமையை உணரப் பகாங் மாநிலத்துக் கேமரன் மலைக்கு வருவோம். 1885இல் வில்லியம் கேமரன் என்னும் நில அளவையாளர் கண்டு குறித்த மலை இது. 1929இல் ஜான் ஆர்ச்சிபால்டு ரஸ்ஸல் இங்கே 'போ' தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். மலைச்சரிவுகளில் செடி வளர்த்துக் கொழுந்து கிள்ளியவர்களுள் தமிழர் பலர். அக்காலத்தில் தமிழ்நாட்டுச் சிற்றூர்களிலிருந்து மலாயாத் தோட்டங்களுக்கு ஆள் சேர்த்தவர்கள் கங்காணிகள். 1938இல் இந்திய அரசு அம்முறைக்குத் தடை விதித்தது.

துரைமார் ஆங்கிலத்தில் 'கூலி' என்றால் அது ஆளைக் குறித்தது. தொழிலாளர் தமிழில் 'கூலி' என்றால் அது உழைப்பின் விலையைக் குறித்தது. ஒரே சொல், ஆயினும் ஒரு பக்கம் இழிவு, மறுபக்கம் உரிமை. அந்த உரிமையும் சமமாக இல்லை. மலாயாவில் இந்தியத் தொழிலாளர்க்கு 1920களில் அரசு வரையறுத்த ஊதியத்திலேயே, பெண்ணின் கூலி ஆணின் கூலியைவிடக் குறைவு.

மலேசியாவில் குறைந்தபட்ச ஊதியம் 2013இல் நடைமுறைக்கு வந்தது. தீபகற்பத்தில் அப்போது மாதம் 900 ரிங்கிட். 2025இல் 1,700 ரிங்கிட். இன்று கேமரன் மலையில் வங்காளதேசம், நேபாளம் முதலிய நாடுகளிலிருந்து வந்தவர்களும் உழைக்கிறார்கள். மொழி மாறினாலும் கணக்கு மாறவில்லை.

'கூலி' என்னும் சொல்லுக்காக நாம் நாணவேண்டியதில்லை. அதை ஆளின் மேல் ஒட்டாமல், அவர் கையில் சேரவேண்டிய பொருளுக்கே உரியதாக்குவோம்.