விசைப்பலகையில் எரியோடு: ஒரு சிறு வரலாறு

திண்டுக்கல் மாவட்டத்தில் எரியோடு என்று ஒரு பேரூராட்சி உண்டு. பெயரில் நான்கே எழுத்துகள்தான். இதைக் கணினியில் அடிக்க எத்தனை விசை தட்ட வேண்டும்? எந்த வரிசையில்? இந்தச் சின்னக் கேள்விக்குப் பின்னால் ஏறக்குறைய நூறு வருடச் சண்டை இருக்கிறது!

தமிழில் மொத்தம் 247 எழுத்துகள். ஆங்கிலத் தட்டச்சு இயந்திரத்தில் இருப்பதோ நாற்பத்துச் சொச்சம் விசைகள். இதில் அதை எப்படி அடக்குவது? யாழ்ப்பாணத்தில் 1886-ல் பிறந்து, வேலை தேடி மலாயா பக்கம் போன ஆர். முத்தையா இதற்கு ஒரு வழி கண்டார். அதுதான் நகரா விசை. புள்ளியைத் தட்டினால் காகிதம் நகராது. அடுத்து 'க' தட்டியதும் இரண்டும் ஒரே இடத்தில் விழுந்து 'க்' ஆகிவிடும். அருமையான தந்திரம். ஆனால் கையால் எழுதும்போது கடைசியில் வைக்கிற புள்ளியை, இயந்திரத்தில் முதலில் அடிக்க வேண்டும். 'யோ' வேண்டுமென்றால் முதலில் கொம்பு, பிறகு 'ய', பிறகு கால். அதாவது, எழுத்து கண்ணுக்குத் தெரிகிற வரிசை. இயந்திரத்துக்கு ஞாபகசக்தி கிடையாது. எல்லாவற்றையும் விரல்தான் நினைவில் வைத்தாக வேண்டும்.

கணினி வந்த பிறகும் நிறைய பேர் இதே அமைப்பைத்தான் விரும்பினார்கள். அதில் ஆச்சரியம் இல்லை. டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் மாதக்கணக்கில் அடித்துப் பழகி, லோயர், ஹையர் பாஸ் செய்து, அதை வைத்தே அரசு வேலைக்குப் போனவர்களிடம் "வேறு மாதிரி அடியுங்கள்" என்றால் யார் கேட்பார்? இன்னொரு பக்கம், ஆங்கில எழுத்தை அடித்தால் தமிழ் வரும் அஞ்சல் முறை, இலங்கையில் பாமினி, மத்திய அரசு 1986-ல் கொண்டுவந்த இன்ஸ்கிரிப்ட் என்று ஆளுக்கொரு பலகை.

இதை ஒழுங்குபடுத்தத்தான் 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு கூடியது. அங்கே முடிவானது தமிழ்99. உயிரெழுத்துகள் இடது கைக்கு, மெய்கள் பெரும்பாலும் வலது கைக்கு. சிங்கப்பூர் நா. கோவிந்தசாமியின் கணியன் விசைப்பலகைக்கு இது நெருங்கிய உறவு. அவர் அந்த வருடம் மே மாதமே காலமாகிவிட்டார். அரசாணை வந்தது ஜூனில்.

தமிழ்99-ல் எரியோடு இப்படி வரும்: எ, ர, இ, ய, ஓ, ட, உ. ஏழே தட்டல், ஷிஃப்ட் தேவையில்லை. வாயில் சொல்லும் வரிசையும் இதுதான். திண்டுக்கல் இன்னும் சுவாரஸ்யம்: த, இ, ண, ட, உ, க, க, ல, புள்ளி. 'ண'வுக்குப் பின் 'ட' வந்தால் புள்ளி தானாக விழும். ஒரே மெய் இரண்டு முறை வந்தாலும் அப்படியே. பதினொன்று ஆகவேண்டியது ஒன்பதில் முடிகிறது. 'மமதை' என்று எழுத நடுவில் ஒரு 'அ' தட்டிப் பிரிக்க வேண்டும், அவ்வளவுதான். முத்தையாவின் இயந்திரத்தில் விரல் சுமந்ததை இங்கே மென்பொருள் சுமக்கிறது.

லினக்ஸில்தான் இந்தக் கதை மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது. அங்கே விசைகளை மாற்றியமைக்கும் எக்ஸ்.கே.பி. என்ற அமைப்பில் தமிழ்நெட் 99 என்ற பெயரிலேயே ஒரு பலகை உண்டு. ஆனால் எக்ஸ்.கே.பி.க்கு ஒரு விசை என்றால் ஒரு குறி. முந்தைய எழுத்து எது என்று அது பார்ப்பதில்லை. எனவே 'இ' வேறு, 'ி' வேறு; தானாகப் புள்ளி விழுவதும் கிடையாது. பலகை தமிழ்99, குணம் பழைய இயந்திரம்! விதிகள் முழுதாக வேலை செய்ய எம்17என் போன்ற உள்ளீட்டு முறை தேவைப்பட்டது.

அதையும் போட்டு டெர்மினலில் அடித்தால் வேறொரு தலைவலி. டெர்மினல் திரை சமமான கட்டங்களால் ஆனது. யூனிகோடில் 'யோ' என்பது 'ய', பின்னால் ஓகாரக் குறி என்றே சேமிக்கப்படுகிறது. திரையில் கொம்பு முன்னால் போக வேண்டும். பல டெர்மினல்களில் அது தப்பான கட்டத்தில் போய் உட்கார்ந்தது. எம்எல்டெர்ம் போன்ற சிலவே இதற்காக மெனக்கெட்டன.

அரசாணை வந்து நீண்ட காலத்துக்குப் பிறகும், தட்டச்சுத் தேர்வு எழுதியவர்கள் புள்ளியை முதலில்தான் தட்டிக்கொண்டிருந்தார்கள்.